கிளிநொச்சி ரவுணுக்கு வரலாமா, இருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரடிப்போக்குப் பக்கம் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை வேலைக்கும் படிப்புக்கும் வருகிற பெண் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மார், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற என் சொந்தங்கள், புதிதாக இங்கே மாற்றம் கிடைத்து வந்த உத்தியோகத்தர்கள் என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

இப்ப கிளிநொச்சிக்கு வந்தால் பயமில்லையோ?

வாருங்கள், பயமில்லை. உங்கள் மனதில் இருக்கிற கிளிநொச்சி நீங்கள் கடைசியாகச் செய்தியில் பார்த்த கிளிநொச்சி. இந்த ரவுண் 1996 இல் இராணுவத்திடம் போய், 1998 இல் புலிகளிடம் திரும்பி, 2009 ஜனவரி 2 ஆம் திகதி மறுபடியும் இராணுவத்திடம் போனது, ஒவ்வொரு தடவையும் கட்டடங்கள் விழுந்தன. 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது கூரையோடு நின்ற வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். இப்போது யாழ்ப்பாணத்துக்குப் போகிற அதே ஏ9 பெருவீதி ஓரத்தில் வங்கிகள், துணிக்கடைகள், கலியாண மண்டபங்கள், ரியூசன் வகுப்புகள். 2013 செப்டெம்பரில் ரயிலும் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாலு நாள் வந்து நின்று போகிறவருக்குப் பயமில்லையா என்பது ஒன்று, இங்கேயே இருக்கிறவருக்குப் பயமில்லையா என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் சுலபம். மற்றதைக் கீழே ஆறுதலாகச் சொல்கிறேன்.

வழியில செக்பொயின்ற் இருக்கா? பாஸ்போட் காட்ட வேணுமா?

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, பெயர் பதிந்து, திரும்ப ஏறுகிற காலம் 2015 உடன் முடிந்தது. வெளிநாட்டுப் பாஸ்போட் உள்ளவர்கள் பாதுகாப்பு அமைச்சிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று 2014 கடைசியில் திரும்பக் கொண்டுவந்த கட்டுப்பாடும் 2015 ஜனவரியில் எடுபட்டது. இப்போது வழியில் மறித்தால் பெரும்பாலும் அது பொலிஸ், தேடுவது மணல், மரம், கஞ்சா. அடையாள அட்டையையோ பாஸ்போட்டின் பிரதியையோ கையில் வைத்திருங்கள். மே மாதமும் நவம்பர் கடைசியும் கொஞ்சம் கூடுதலாக மறிப்பார்கள், ஏன் என்பது படம் எடுப்பது பற்றிய கேள்வியில் இருக்கிறது.

கண்ணிவெடி எல்லாம் எடுத்து முடிஞ்சுதா? பிள்ளையளை விளையாட விடலாமா?

ரவுணுக்குள், கோயில் வீதியில், பள்ளிக்கூட வளவில், சனம் குடியிருக்கிற ஒழுங்கைகளில் பயப்படாமல் விடலாம். இந்த இடங்களைத் துப்புரவாக்கிய பிறகுதான் சனத்தைக் குடியேற விட்டார்கள். மிச்சம் இருப்பது பழைய முன்னரங்குகள் இருந்த பக்கங்களில். பளைக்கு அங்கால் முகமாலை, பல வருடங்கள் இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்ற இடம். அங்கே ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் அங்குலம் அங்குலமாகத் தோண்டிக்கொண்டு வந்தன. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, அதன்படி துப்புரவாக்கி முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன். என் கடைக்குச் சட்டை தைக்க வருகிற இரண்டு பேர் அந்த வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பேருமே புருஷனை இழந்த பெண்கள். வெயிலில் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறிவிட்டு வந்து, பிளவுஸின் கை கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று சொல்லுவார்கள். நாங்கள் நடக்கிற நிலம் அவர்களைப் போன்றவர்களின் கையால் வந்தது.

மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்பு அடையாளம் போட்ட தடியோ நாடாவோ கண்டால் அதற்கு அங்கால் ஓர் அடிகூட வைக்க வேண்டாம். பற்றைக்குள் இறங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். இரும்பு மாதிரி எதையாவது கண்டால் தொடாமல், போன காலடியிலேயே திரும்பி வந்து, கிராம சேவகருக்கோ 119 க்கோ சொல்லுங்கள்.

புதிதாகக் காணி துப்புரவாக்குகிறவர்களுக்கு ஒன்று: குப்பையைக் கூட்டி அதே இடத்தில் நெருப்பு வைக்க வேண்டாம். மண்ணுக்குள் பழைய குண்டு ஏதும் கிடந்தால் சூட்டுக்கு வெடிக்கும். பழைய இரும்பு பொறுக்குகிற பெடியள் வாசலுக்கு வந்து எதையாவது நீட்டினாலும் வாங்கிப் பார்க்க வேண்டாம்.

கொழும்பு பஸ் விடியப்புறம் மூண்டு மணிக்கு இறக்கி விட்டால் என்ன செய்யிறது?

இது நல்ல கேள்வி, பெரிய அக்கறையோடு பதில் சொல்ல வேண்டியதும் இதுதான். இரவு பஸ்கள் யாழ்ப்பாணத்துக்கு விடியப் போய்ச் சேருகிற கணக்கில் ஓடுவதால் எங்கள் ஊரை நடுச்சாமம் கழிந்த நேரத்தில்தான் கடக்கும். ஏறும்போதே நடத்துநரிடம் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். இருட்டுச் சந்தியில் இறங்க வேண்டாம். பஸ் நிலையத்தடி, இல்லாவிட்டால் மாவட்ட பொது வைத்தியசாலையின் வாசல், இரண்டும் ஏ9 இல்தான் இருக்கின்றன. வைத்தியசாலைப் பக்கம் லைற்றும் இருக்கும், ஆட்களும் இருப்பார்கள், ஓட்டோவும் நிற்கும்.

கூட்டிப் போக ஆள் வராவிட்டால் வெளிச்சம் உள்ள தேத்தண்ணிக் கடையில் விடியும் மட்டும் இருங்கள். அப்படி இருக்கிறவரை இங்கே ஒருவரும் எழும்பச் சொல்ல மாட்டார்கள். ஓட்டோவில் ஏற முன்னம் விலையைப் பேசி, இலக்கத் தகட்டைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஓட்டோக்காரருக்கு முன்னாலேயே அதைச் செய்யலாம், நல்ல ஆள் கோபப்பட மாட்டார். முடிந்தால் பகல் ரயிலில் வாருங்கள். காலையில் கொழும்பில் ஏறினால் வெளிச்சத்தோடு இறங்கலாம்.

பொம்பிளைப் பிள்ளை தனிய வந்து அறை எடுத்துத் தங்கலாமா?

தங்கலாம். என் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் வந்த பிறகு தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நிறையப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருகிறார்கள், ஊருக்கும் அது பழகிவிட்டது.

பகலில் பிரச்சினை இல்லை. இரவு ஏழு, ஏழரைக்குப் பிறகு ஏ9 மட்டும்தான் உயிரோடு இருக்கும், உள் ஒழுங்கைகள் சட்டென்று ஓய்ந்துவிடும், பல ஒழுங்கைகளில் லைற் இல்லை, இருந்தாலும் எரியாது. மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து மெல்ல ஓட்டிக்கொண்டு கதை கேட்கிற பெடியள் இருக்கிறார்கள். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் தொடர்ந்து ஒருவன் பின்னால் வந்தால் ஒரு பிள்ளை ரியூசனையே விட்டுவிடும், அப்படி விட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். வெட்கப்படாமல் முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பஸ்ஸுக்குள் கை வைத்தால் சத்தமாகச் சொல்லுங்கள், எங்கள் பக்கத்து நடத்துநர்கள் பெரும்பாலும் அவனை இறக்கி விடுவார்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவில் குற்றம், 5 வருடம் வரை சிறை கிடைக்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அறை பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்க வேண்டாம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை வீட்டோடு சேர்ந்திருக்கிறதா அல்லது இருட்டில் வளவைத் தாண்டிப் போக வேண்டுமா, படலையிலிருந்து பெரிய வீதி எவ்வளவு தூரம், பக்கத்து வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

எல்லாரும் "நீர் ஆர், எந்த இடம், ஆற்ற பிள்ளை" எண்டு கேக்கினம். ஏன்?

இதை மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று கிட்டத்தட்ட அழுதுகொண்டு கேட்டது. அது விசாரணை இல்லை பிள்ளை. இந்த ஊரில் எல்லோரும் எத்தனையோ இடம் பெயர்ந்து வந்தவர்கள், பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்று தெரிந்தால்தான் நித்திரை வரும். பதில் சொல்லிவிட்டால் அந்த ஒழுங்கை முழுக்க உங்களைப் பார்த்துக்கொள்ளும், நீங்கள் பிந்தி வந்தால் யாராவது படலையில் நிற்பார்கள். அதே கண்கள் நீங்கள் யாருடன் கதைத்தீர்கள் என்றும் பார்க்கும், அது இளம் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சீருடைக்காரரோ சிவில் உடுப்பில் வந்தவரோ கேட்டால் அது வேறு. அப்போது அவருடைய பெயரையும் எந்த அலுவலகம் என்பதையும் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது?

இராணுவ முகாம், காவலரண், பொலிஸ் நிலையம், இவற்றை எடுக்க வேண்டாம். இரணைமடுக் குளம், சந்தை, வயல், முறிகண்டிப் பிள்ளையாரடி, கச்சான் கடைகள், ஆசை தீர எடுங்கள்.

கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய போராட்டம் உலகம் முழுக்கத் தெரிந்தது. அந்த அம்மாக்களை எங்கே கண்டாலும், பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு மனுசியை, கேட்காமல் போனைத் தூக்கி எடுக்க வேண்டாம். பக்கத்தில் போய் இருங்கள், கதை கேளுங்கள். எடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் தாங்களே படத்தை நிமிர்த்திப் பிடிப்பார்கள்.

போரின் கடைசியில் இறந்தவர்களை நினைத்து மே 18 இல் முள்ளிவாய்க்காலிலும், இறந்த போராளிகளை நினைத்து நவம்பர் 27 இல் அவர்களைப் புதைத்த கனகபுரம் துயிலுமில்லத்திலும் சனம் விளக்கேற்றும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் போகலாம், நான் மறிக்க மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் வருகிறவர்களைப் படம் எடுக்கிற வேறு ஆட்களும் இருப்பார்கள், 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை வீடுகளைப் பாதித்தது என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். உங்கள் படத்தில் முகம் தெரிகிற ஆள் இங்கேதான் இருப்பார். அதை நினைத்துக்கொண்டு பதிவு போடுங்கள்.

சிங்கள நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வரலாமா? சனம் என்ன சொல்லும்?

தாராளமாக. நயினாதீவுக்குப் போகிற யாத்திரை பஸ்கள் ஏ9 வழியாகத்தானே போகின்றன, இங்கே நிறுத்திச் சாப்பிடுகிறார்கள், கடைக்காரர்களுக்கும் கொஞ்சம் சிங்களம் வரும். சாதாரண மனிதர் மேல் இங்கே யாருக்கும் கோபமில்லை. ரவுண் நடுவில் குண்டு துளைத்த கொங்கிறீற் கட்டியும் தாமரைப் பூவுமாக ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது, அது அவர்களுக்கு ஒன்றைச் சொல்லும், எங்களுக்கு வேறொன்றைச் சொல்லும். அதன் முன்னால் சிரித்துக்கொண்டு படத்துக்கு நிற்க முன்னம் உங்கள் நண்பருடன் நீங்களே ஒரு வார்த்தை கதையுங்கள்.

அப்ப உண்மையான ஆபத்துத்தான் என்ன?

வீதி. எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

போருக்குப் பிறகு ஏ9 ஐ அகலமாக்கி காபெற் போட்டார்கள், வண்டிகள் பறக்கின்றன. அதே வீதியில்தான் லைற் இல்லாத சைக்கிளில் வேலை முடிந்து போகிற அப்பாவும், பின்லைற் இல்லாத லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரமும், இரவில் வீதியின் சூட்டுக்கு வந்து படுக்கிற மாடுகளும் இருக்கின்றன. கறுப்பு மாடு கறுப்பு வீதியில் கிடந்தால் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கடைசி வரை தெரியாது. அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயும், கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள், இருட்டில் அந்தக் கல்லே போதும். மணல் ஏற்றுகிற ரிப்பர் லொறிகள் விடியப்புறம் வருகிற வேகத்தைப் பார்த்தால் நெஞ்சு பதறும்.

ரயில் பாதை ஏ9 க்குப் பக்கத்திலேயே போகிறது. கடவைகளில் மணிச் சத்தத்தை மட்டும் நம்பாமல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள், காதில் போனை வைத்துக்கொண்டு தாண்டவே வேண்டாம். 2019 ஜூனில் கிளிநொச்சியில் ஒரு கடவையில் இராணுவ வாகனம் ரயிலோடு மோதிச் சிப்பாய்கள் இறந்தார்கள்.

விபத்து என்றால் 1990, இலவச அம்பியூலன்ஸ். 2018 இல் வடக்குக்கு வந்தது, நான் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் வந்தார்கள். எந்த இடம் என்று சொல்ல ஒரு கடையின் பெயரோ கோயிலின் பெயரோ சொல்லுங்கள்.

தூள், ஐஸ் எண்டெல்லாம் கேள்விப்படுறம். பெடியனை அங்க விடலாமா?

இருக்கிறது. மறைத்துப் பிரயோசனமில்லை. முந்தி கசிப்புச் சாராயம் மட்டும்தான், பிறகு கடல் வழியாகக் கேரளக் கஞ்சா, இப்போது ஐஸ் என்கிற போதைப்பொருளும் சேர்ந்துவிட்டது. வந்து போகிறவருக்கு இதால் பெரிய கரைச்சல் வராது, கைப்பையை, போனைக் கவனமாக வைத்திருந்தால் போதும். இங்கேயே வளருகிற பெடியனுக்குத்தான் ஆபத்து. தகப்பன் இல்லாத வீடுகள் நிறைய, தாய் விடிய வேலைக்குப் போய் இருட்டி வருவார், பெடியன் பள்ளிக்கூடம் விட்டு எங்கே நிற்கிறான் என்று பார்க்க ஆள் இல்லை. விளையாட்டுக் கழகம் நன்றாக நடக்கிற கிராமத்தையும் மைதானம் பற்றை பிடித்துக் கிடக்கிற கிராமத்தையும் எனக்குத் தெரியும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகளுக்கான உதவி இலக்கம் 1929.

காணி வாங்கி வீடு கட்டிப் பூட்டிப்போட்டு வரலாமா? களவு போகாதா?

பூட்டிக் கிடக்கிற வீட்டில் தண்ணி மோட்டர், வயர், கேஸ் சிலிண்டர் போகும். நம்பிக்கையான குடும்பம் ஒன்றை எழுத்தோடு குடி வையுங்கள், வாடகை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

அதைவிடப் பெரிய களவு காகிதத்தில் நடக்கும். கிளிநொச்சி 1930களில் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர், அதனால் இங்கே பெரும்பகுதிக் காணி சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி இல்லை, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது. "பேமிற் காணிதான், கையெழுத்து வச்சுத் தாறன்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்க முன்னம் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். என் சொந்தத்தில் ஒருவர் போகாமல் கொடுத்தார். காசும் இல்லை, காணியும் இல்லை.

பொலிஸில தமிழில முறைப்பாடு எழுதுவினமா?

எழுத வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வை என்றால், வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைக்க மாட்டேன், தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். காத்திருக்க வைப்பார்கள், காத்திருங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வர வேண்டாம். பெண்கள், பிள்ளைகள் விஷயம் என்றால் அதற்கான பிரிவையே கேளுங்கள்.

மாரியில வந்தால் வெள்ளம் வருமா?

ரவுணைவிட இரணைமடுவுக்குக் கீழே உள்ள பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம்தான் கவனம். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறந்தபோது அந்தப் பக்கம் வீடு வீடாகத் தண்ணி. அனர்த்த இலக்கம் 117.

இயக்கம் இருந்த காலத்தில நகை போட்டுக்கொண்டு நடுச்சாமத்திலயும் பொம்பிளை நடக்கலாம் எண்டு சொல்லுவினம். இப்ப அப்படி இல்லைத்தானே?

உண்மைதான், புலிகள் இருந்த அந்தக் காலத்தில் களவு குறைவு, நானே இரவில் சைக்கிளில் தனியே வந்திருக்கிறேன், ஒரு சொல் சொல்ல ஆள் இல்லை. அதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே இரவுகளில் குண்டு போட வருகிற கிபிர் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடினோம். கடைசிக் காலத்தில் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை தர வேண்டும் என்று வந்தபோது வயது வந்த பிள்ளையை ஒளித்து வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் சமைத்த தாய்மாரும் இந்த ஊரில்தான் இருந்தார்கள். ஒன்றை மறைத்துக்கொண்டு மற்றதை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள்.

அப்ப அங்கயே இருக்கிற சனம் எதுக்குப் பயப்படுது?

முதல் கேள்வியில் பிறகு சொல்கிறேன் என்றது இதுதான். எங்கள் கடைக்கு வருகிற பெண்கள் களவைப் பற்றியோ வெடியைப் பற்றியோ அதிகம் கதைப்பதில்லை. கிழமைக் கடன் அறவிட வருகிற ஆளைப் பற்றிக் கதைக்கிறார்கள். தவணை இல்லாவிட்டால் இருட்டும் வரை திண்ணையில் இருந்துவிடுவான், அக்கம்பக்கம் பார்க்கும், தனியாக இருக்கிற பெண் என்றால் வாயும் நீளும். ஒரு பெண் வெள்ளிக்கிழமை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு என் கடையில் வந்து இருப்பார், தைக்க ஒன்றும் இல்லாமலே. நாட்டுக்கு வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர் இந்தப் பயத்தைக் காண மாட்டார், வீதி அமைதியாகத்தான் இருக்கும்.

அக்கா, உங்களுக்கு ஒரு பயமும் இல்லையா?

கடையை ஏழரைக்குப் பூட்டிவிட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது, மூன்றாவது தூணில் லைற் இல்லை. பிரதேச சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஒழுங்கையில் உள்ள பதினொரு வீட்டாரும் கையெழுத்து வைத்தோம். அது வரும் வரைக்கும் மூலை வீட்டு ஆச்சி தன் விறாந்தை லைற்றை நான் கடக்கும் மட்டும் எரிய விடுகிறா. நான் படலையைச் சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் நிறுத்துவா.